“நம்மூர்ல எத்தனை அடிபம்பு?” - விக்கிப்பீடியாவில் கைமாத்தாகக் கிடைக்கும் ஸ்கிரிப்ட்கள்!

பொங்கல் லீவுக்கு உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல போனும் கையுமாகக் கிடந்தேன்.

“அந்த டப்பாக்குள்ள அப்படி என்னத்தத்தா பாக்குற?”

“நம்ம ஊரைப் பத்தி எழுதியிருக்கு அப்பத்தா. விக்கிப்பீடியாவுல.”

“நம்ம ஊரைப் பத்தியா? யாரு எழுதுனது?”

“தெரியல. ஊர்ல எத்தனை அடிபம்பு இருக்குன்னுகூடப் போட்டிருக்கு!”

அப்பத்தா இடிப்பதை நிறுத்தினார். “எத்தனைன்னு போட்டிருக்கு?”

சொன்னேன்.

“அது எந்தக் காலத்துக் கணக்கோ! கம்மாக்கரைப் பம்புல பிடியே இல்ல. கோயிலுக்கிட்ட இருந்ததைப் பிடுங்கிப்புட்டுல்ல சிமென்ட் ரோடு போட்டாய்ங்க. எழுதுனவன் வந்து பாத்தானாமா?”

நியாயமான கேள்வி. விடை தேடப்போய், சில வாரங்கள் ஒரு புது உலகத்துக்குள் சிக்கிக்கொண்டேன். அந்தக் கதைதான் இது.

ஊருக்கு முதலில் வந்த ‘ஆள்’

விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும், அதை யார், எப்போது, எப்படி மாற்றினார்கள் என்பதை ‘வரலாறு’ என்ற இணைப்பைத் தட்டிப் பார்த்துவிடலாம். எங்கள் ஊராட்சிப் பக்கத்தின் வரலாற்றில் ஆகக் கீழே, முதல் வரியில் நின்றது மனிதரே இல்லை. ‘நீச்சல்பாட்’ என்றொரு தானியங்கி!

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. எந்த மாவட்டம், எந்த வட்டாரம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, மக்கள்தொகை எவ்வளவு, கைக்குழாய்கள் எத்தனை, மேல்நிலைத் தொட்டிகள் எத்தனை, ஊருணி, சந்தை, சுடுகாடு, எந்தெந்தச் சிற்றூர்கள் என்று அரசிடம் எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கிறது. உட்கார்ந்து தட்டச்சு செய்தால் ஒரு ஊராட்சிக்கு அரை மணி நேரமாவது ஆகும். அப்படியென்றால் 6,250 மணி நேரம். தினமும் 8 மணி நேரம், ஞாயிறு, தீபாவளி எதற்கும் லீவு போடாமல் உழைத்தாலும் இரண்டு வருஷத்துக்கு மேலே ஓடிவிடும். சம்பளம் இல்லாமல் இதை யார் செய்வார்?

அதனால்தான் நிரல். அரசுப் பட்டியலில் இருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, வாக்கியத்துக்குள் பொருத்தி, பக்கமாக ஏற்றிவிட்டது இந்தத் தானியங்கி. ஆயிரக்கணக்கான கோயில்களுக்கும் இதே வழியில் பக்கங்கள் வந்தன. இதை எழுதியவர் நம்ம மதுரைக்காரர். இயற்பெயர் ராஜாராமன். இணையத்தில் ‘நீச்சல்காரன்’ என்றால்தான் தெரியும். ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தி, ‘நாவி’ சந்திப்பிழை திருத்தி இரண்டும் இவர் செய்தவைதான். (தமிழ் டெஸ்க்கில் வேலை பார்க்கிற யாரும் “இங்க ‘க்’ வருமா, வராதா?” என்று ஒருமுறையாவது நாவியிடம் கேட்டிருப்பார்கள். நான் வாரத்துக்கு நான்கு முறை!) கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் இவருக்குக் கணிமை விருது தந்திருக்கிறது.

ஆக, அப்பத்தாவின் கேள்விக்கு விடை: எழுதியவர் வந்து பார்க்கவில்லை. அரசுக் கணக்கைப் பார்த்து ஒரு நிரல் எழுதியது. அந்தக் கணக்கு எடுத்தபோது கம்மாக்கரைப் பம்பில் பிடி இருந்திருக்கும்.

ஆலமரத்தடிக்கு வாங்க!

நீச்சல்பாட் மாதிரியானவை பெரிய புல்டோசர். ஆனால், விக்கிப்பீடியாவின் அன்றாட வேலை களைக்கொத்து வேலை. எழுத்துப்பிழை திருத்துவது, பகுப்பு சேர்ப்பது, விளம்பரத்தை நீக்குவது, புதிதாக வருகிறவரை வரவேற்பது... இதற்கெல்லாம் தன்னார்வலர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் குட்டிக் குட்டி நிரல்களுக்குத்தான் ‘பயனர் ஸ்கிரிப்ட்’ என்று பெயர்.

கணக்கு தொடங்கிய ஒவ்வொருவருக்கும் ‘காமன் டாட் ஜேஎஸ்’ என்று முடியும் ஒரு தனிப்பக்கம் உண்டு. அதில் ஜாவாஸ்கிரிப்ட் வரிகளை எழுதி வைத்தால், நீங்கள் விக்கிப்பீடியாவைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் திரையில் மட்டும் அவை ஓடும். வேறு யாருக்கும் தெரியாத ஒரு பொத்தானை உங்களுக்காக வைத்துக்கொள்ளலாம். உங்கள் கண்ணுக்கு மட்டும் சில சொற்களை மஞ்சளாக்கிக் காட்டச் சொல்லலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அந்தப் பக்கத்தைப் பொதுவாக நீங்கள்தான் எழுத முடியும். ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் பிடித்திருந்தால், என் பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டு அதை அழைத்துக்கொள்ளலாம். அவர் அதில் ஒரு பிழையைத் திருத்தினால் எனக்கும் திருந்திவிடும். வட்டி இல்லை, நோட்டு எழுதித் தர வேண்டியதில்லை. சுத்தமான கைமாத்து!

பலருக்கும் உதவும் ஸ்கிரிப்ட் என்றால், ‘விருப்பத்தேர்வுகள்’ பக்கத்தில் உள்ள கருவிகள் பட்டியலுக்கு அது ஏறிவிடும். பிறகு நிரல் தெரியாதவர்கள்கூட ஒரு டிக் அடித்தால் போதும். ஒரு உதாரணம், ‘விரைவுப்பகுப்பி’. ஆங்கிலத்தில் ‘ஹாட்கேட்’.

ஒரு கட்டுரையை ‘மதுரை மாவட்ட ஊர்கள்’ போன்ற ஒரு பகுப்பில் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். பழைய வழி: தொகுப்புப் பெட்டியைத் திறந்து, கடைசிவரை இறங்கி, பகுப்பின் பெயரை ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அடித்து, சேமிக்க வேண்டும். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் இல்லாத பகுப்பாகிச் சிவப்பில் முறைக்கும். விரைவுப்பகுப்பி இருந்தால், பக்கத்தின் அடியில் ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தட்டி இரண்டு எழுத்து அடித்தால், இருக்கும் பகுப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. இதை முதலில் எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த மேக்னஸ் மேன்ஸ்கே. அடிப்படையில் உயிர்வேதியியல் ஆய்வாளர். 2002-ல் விக்கிப்பீடியா மாறிய புதிய மென்பொருளை எழுதியவரும் அவர்தான். அவர் தன் வேலையைச் சுலபமாக்கச் செய்த பொத்தானில் இன்று நாம் மதுரைப் பக்கத்து ஊர்களை வகைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது? தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் ஊர்ப்பக்கம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும்: ‘ஆலமரத்தடி’. புதியவர்கள் உதவி கேட்கும் இடம் ‘ஒத்தாசைப் பக்கம்’. பழகிப் பார்க்கும் இடம் ‘மணல்தொட்டி’. 2003-ல் தொடங்கி, 2017-ல் 1 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய ஒரு கலைக்களஞ்சியம், உள்ளுக்குள் ஒரு கிராமம் மாதிரிதான் நடக்கிறது.

நான் செய்த ‘கறுப்பு’ச் சம்பவம்

கொஞ்சம் பழகியதும் எனக்குத் தைரியம் வந்தது. டிப்ளோமா படித்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்தது: நிறம் என்றால் ‘கறுப்பு’, வல்லின ‘று’ போட வேண்டும். விக்கியில் பல பக்கங்களில் ‘கருப்பு’ என்று இருந்தது. திருத்திவிடலாமே! ஒவ்வொன்றாக ஏன் திருத்த வேண்டும்? ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாமே!

தமிழில் சொல் அப்படியே நிற்காது. கருப்பு, கருப்பில், கருப்பான, கருப்பாக என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் புத்திசாலித்தனமாக, ‘கருப்ப’ என்று எங்கே வந்தாலும் ‘கறுப்ப’ என்று மாற்றச் சொன்னேன். இணையத்தில் பார்த்து, வெட்டி ஒட்டி, மொத்தம் ஆறே வரி. பொத்தானைத் தட்டினேன். பக்கத்தில் இருந்த எல்லா ‘கருப்பு’களும் ஒரு நொடியில் மாறின. சந்தோஷத்தில் இரண்டு கட்டுரைகளைச் சேமித்தும்விட்டேன்.

அதில் ஒன்று பெண்கள் உடல்நலம் பற்றியது. அதிலிருந்த ‘கருப்பை’ எல்லாம் ‘கறுப்பை’ ஆகியிருந்தது.

இன்னொன்றில் ‘கருப்பொருள்’, ‘கறுப்பொருள்’ ஆகியிருந்தது. இன்னும் நான்கு பக்கம் ஓட்டியிருந்தால் எங்கள் குலசாமி கருப்பசாமியின் பெயரிலும் கை வைத்திருப்பேன். உசிலம்பட்டிப் பக்கம் அது சாதாரணக் குற்றமில்லை!

நான் கவனிப்பதற்கு முன்பே ஒருவர் இரண்டையும் மீட்டுவிட்டு, என் பேச்சுப் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தார். திட்டு வாங்கப்போகிறோம் என்று பயந்தபடிதான் திறந்தேன். திட்டு இல்லை. மூன்று விஷயங்கள் இருந்தன. ஸ்கிரிப்டை முதலில் மணல்தொட்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘கருப்பு’, ‘கறுப்பு’ இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. எது சரி என்று ஆட்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ள ஒன்றை எந்திரம் வைத்து மாற்றக் கூடாது. மூன்றாவதாக, என் ஆறு வரியில் நான்கைத் திருத்தி, அவரே எழுதித் தந்திருந்தார்.

திருத்திய ஸ்கிரிப்ட் எதையும் மாற்றாது. சந்தேகமான சொல்லை மஞ்சளில் காட்டும், அவ்வளவுதான். மாற்றுவதா வேண்டாமா என்பதை நான் படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘கருப்பை’, ‘கருப்பொருள்’, ‘கருப்பசாமி’ மூன்றையும் தொடாதே என்று ஒரு விலக்குப் பட்டியலும் அதில் இருந்தது. இத்தனைக்கும் அவர் யார், எந்த ஊர், என்ன வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உசிலம்பட்டி - 7 எழுத்தா, 11 எழுத்தா?

என் தப்புக்குக் காரணம் நான் மட்டுமில்லை என்று பிறகுதான் புரிந்தது. (தப்பிக்கச் சொல்லவில்லை!)

‘உசிலம்பட்டி’ என்பதில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணினால் உ, சி, ல, ம், ப, ட், டி என்று 7. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 11 என்கும். ‘சி’ அதற்கு ஒரு எழுத்து இல்லை. ‘ச’ ஒன்று, அதன் தலையில் இருக்கும் சுழி இன்னொன்று. ‘ம்’ என்றால் ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து, அதற்கு 5. ‘முதல் 4 எழுத்தை மட்டும் காட்டு’ என்று சொன்னால் ‘தமிழ’ என்று புள்ளியைக் கழற்றிவிட்டுக் காட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சொல்லின் எல்லை. ஆங்கில விக்கியில் எழுதப்படும் ஸ்கிரிப்ட்களில், ‘இந்தச் சொல் தனியாக வந்தால் மட்டும் பிடி, இன்னொரு சொல்லுக்குள் வந்தால் விட்டுவிடு’ என்று சொல்ல ஒரு குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டுக்குத் தெரிந்த எழுத்துகள் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும், எண்களும், அடிக்கோடும்தான். தமிழ் எழுத்து அதற்கு எழுத்தாகவே தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் அச்சுப் பிசகாமல் ஓடும் ஒரு ஸ்கிரிப்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தால், ஒன்று சும்மா நிற்கும்; இல்லையென்றால் ‘பட்டி’யைத் தேடச் சொன்னால் ‘பட்டியல்’ மேலெல்லாம் பாயும்.

எனவே தமிழுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்தால் போதாது. எட்டு வேற்றுமையும் எங்கே ஒட்டும், எங்கே ‘மரம்’ ‘மரத்தில்’ ஆகும், எங்கே ஒற்று மிகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் “இந்த இலக்கணம் படிச்சு என்ன டீச்சர் ஆகப் போகுது?” என்று கேட்ட நான், இப்போது அதே இலக்கணத்தை நிரலாக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இருநூறு முறை செய்ய வேண்டியதை ஒரே முறையில்...

கைமாத்து ஸ்கிரிப்ட்களால் பெரிதாகப் பயனடைந்த இடம் விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலம். உரிமைக்காலம் முடிந்த, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் முழு எழுத்தையும் இலவசமாகத் தரும் இடம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மூலம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் ஸ்கேன் வடிவில் இங்கே வந்து சேர்ந்தன. ஆனால் ஸ்கேன் என்பது படம். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற ஒருவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்ற வேண்டும். கூகுள் டிரைவில் தமிழுக்கும் அந்த வசதி வந்திருந்தது. ஆனால் எப்படி? ஒரு பக்கத்தின் படத்தை இறக்கு, டிரைவில் ஏற்று, ஆவணமாகத் திற, உரையை நகலெடு, விக்கிமூலத்தில் அதே பக்க எண்ணில் ஒட்டு, சேமி. 200 பக்கப் புத்தகத்துக்கு 200 முறை!

‘கணியம்’ மின்னிதழையும், இலவசத் தமிழ் மின்னூல்களையும் நடத்தும் த. சீனிவாசன், இந்த மொத்தச் சுற்றையும் தானே செய்யும் ஒரு பைத்தான் நிரலை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுத்தால், காலையில் புத்தகம் உரையாகியிருக்கும். விக்கிமூலத்தில் ‘தகவலுழவன்’ என்ற பெயரில் இயங்குகிறவர் உட்படச் சிலர் அதை எடுத்து ஓட்ட, லட்சக்கணக்கான பக்கங்கள் உரையாயின. மற்ற இந்திய மொழிக்காரர்களும் அந்த நிரலை வாங்கித் தங்கள் நூல்களுக்கு ஓட்டினார்கள்.

உரையாகிவிட்டால் முடிந்ததா? இல்லை. எந்திரம் படித்ததில் பிழை இருக்கும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். இன்னொருவரும் பார்த்தால்தான் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. இங்கேதான் மறுபடியும் குட்டி ஸ்கிரிப்ட்கள் கைகொடுக்கின்றன. வரிக்கு வரி ஒடிந்த வாக்கியங்களைச் சேர்ப்பது, பக்கத்தின் தலையில் வரும் நூற்பெயரை நீக்குவது, ‘கௌதம்’ என்பது ‘கெளதம்’ என்று ‘ள’ போட்டு வந்திருந்தால் சரிசெய்வது...

கடைசியாகச் சொன்னதை ஒரு வரியில் செய்யலாம் என்று தோன்றும். ‘கெள’ வந்தால் ‘கௌ’ ஆக்கு. அவ்வளவுதானே? செய்தால், வைகையில் பிடிக்கிற கெளுத்தி மீன் செத்துப்போகும்! ‘கெளுத்தி’யில் உள்ள ‘கெள’வையும் பிடித்து, பின்னால் இருக்கும் உகரக் குறியை அநாதையாக்கிவிடும். ‘ள’வுக்குப் பின்னால் எந்தக் குறியும் புள்ளியும் இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று சொல்ல வேண்டும். என் ‘கருப்பை’க்குப் பிறகு, இது எனக்குப் படித்ததும் புரிந்தது.

கைமாத்து கொடுப்பவரை நம்பலாமா?

அவசியம் யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொருவரின் ஸ்கிரிப்டை உங்கள் பக்கத்தில் சேர்த்தால், அது உங்கள் கணக்கின் பெயரில், உங்கள் அதிகாரத்தோடு ஓடும். கெட்ட எண்ணத்தோடு எழுதியிருந்தால் உங்கள் பெயரில் பக்கங்களை அழிக்கும். அதனால் படித்துப் பார்த்துப் புரியாத நிரலைச் சேர்க்காதீர்கள், புரியவில்லையென்றால் புரிந்தவரிடம் கேளுங்கள் என்பதுதான் அங்கே முதல் பாடம். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குக்கும் இதே பாடம்தான்.

ஒருவரின் திரையில் ஓடுவதற்கே இப்படி என்றால், எல்லா வாசகர்களின் திரையிலும் ஓடும் பொதுக் கருவிகள்? முன்பு அவற்றை எந்த நிர்வாகியும் மாற்றலாம் என்று இருந்தது. ஒரு நிர்வாகியின் கடவுச்சொல் திருடு போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், 2018-ல் ‘இடைமுக நிர்வாகி’ என்று தனி உரிமையை உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால், தமிழில் அந்த உரிமை உள்ளவர்கள் மிகச் சிலரே. ஒரு கருவி மக்கர் செய்தால், அவர்களில் ஒருவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்களுக்கும் ஆபீஸ் இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, ஊர்த் திருவிழா வருகிறது.

கருவிகள் மக்கர் செய்யாமலும் இருக்காது. விக்கியின் அடிப்படை மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். 2022-ல் ‘வெக்டர் 2022’ என்ற புதுத் தோற்றம் வந்தபோது பட்டிகள் இடம் மாறின. ‘இடதுபக்கப் பட்டிக்குக் கீழே என் பொத்தானை வை’ என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், அந்தப் பட்டியைக் காணாமல் முழித்தது. எழுதியவர் இருந்தால் இரண்டு வரியில் சரியாகும். அவர் ஒதுங்கிப் பல வருஷம் ஆகியிருந்தால்? நிரல் திறந்து கிடப்பதால் யாரும் நகலெடுத்துச் சரிசெய்யலாம்தான். அந்த ‘யாரும்’ என்ற இடத்தில் ஆங்கிலத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறார்கள். நமக்கு ஆலமரத்தடியில் எப்போதும் பார்க்கிற அதே முகங்கள்.

அப்போது கை நீட்டுவது அண்டை வீட்டுக்காரர்கள். மலையாள விக்கிப்பீடியாவில் உருவான தட்டச்சு ஸ்கிரிப்டின் தொடர்ச்சியாக வந்த ‘நாராயம்’ என்ற கருவி, 2011 முதல் தமிழ் உட்பட இந்திய மொழி விக்கிகளில் நேரடியாக எழுத வழி செய்தது. நாராயம் என்றால் மலையாளத்தில் எழுத்தாணி. 2020 லாக்டவுன் சமயத்தில், இந்திய மொழி விக்கிக்காரர்களுக்கென்று நடந்த ஆன்லைன் பயிலரங்குகளில் பயனர் ஸ்கிரிப்ட் எழுதுவதும் ஒரு பாடமாக இருந்தது.

சென்னையில் வளர்ந்த யுவி பாண்டாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். விக்கிமீடியாவில் வேலை பார்த்தபோது அவர் தொடங்கிய ‘குவாரி’, ‘பாஸ்’ என்ற இரண்டு தளங்கள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளன. முதலாவதில், ‘ஒரு படம்கூட இல்லாத கட்டுரைகள் எவை?’ போன்ற கேள்விகளை விக்கியின் தரவுத்தளத்திடமே கேட்கலாம். இரண்டாவதில், எந்த மென்பொருளையும் நிறுவாமல் பிரவுசரிலேயே தானியங்கி நிரலை எழுதி ஓட்டலாம். கணினி நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகூட நம் ஊராட்சிக்கு ஒரு நிரல் ஓட்டலாம் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. போனிலேயே எல்லாம் செய்துவிட முடியுமா என்றால், இல்லை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கணினித் திரையை மனதில் வைத்துச் செய்தவை. இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது அதற்கு ஒரு வழி செய்தால், நான் முதல் ஆளாக என் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

அடிபம்பு என்ன ஆச்சு?

மறுபடி ஊருக்குப் போனபோது அப்பத்தாவும் நானும் தெருத்தெருவாக நடந்து பம்புகளை எண்ணினோம். எண்ணிவிட்டு, எண்ணிக்கையை மாற்ற உட்கார்ந்தபோதுதான் இன்னொரு விதி குறுக்கே வந்தது. விக்கிப்பீடியாவில் ‘சொந்த ஆய்வு’ செல்லாது. நானும் அப்பத்தாவும் எண்ணியது உண்மையாகவே இருந்தாலும், ஏற்கெனவே வெளியான ஒரு ஆதாரம் வேண்டும். அது சரியான விதிதான். இல்லையென்றால் ஆளாளுக்கு ஒரு கணக்கு எழுதிவிடுவார்கள். அரசின் புதிய பட்டியல் வெளியானால், அதிலிருந்து எல்லா ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரு நிரலால் மாற்றலாம். அதுவரை பழைய எண்தான்.

படம் போடத் தடையில்லை. நானே எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, எங்கள் ஊர்ப் பக்கத்தில் சேர்க்கலாம். கம்மாக்கரைப் பம்பைப் படம் எடுத்து, தேதியைக் குறிப்பிட்டு ஏற்றினேன். விரைவுப்பகுப்பியின் கூட்டல் குறியைத் தட்டிப் பகுப்பும் சேர்த்தேன். பிறகு போனை அப்பத்தாவிடம் நீட்டினேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏத்தா... பிடி இல்லாத பம்பையா ஊரு உலகமெல்லாம் பாக்கப் போட்டுவிட்ட?”

“அதான அப்பத்தா இருக்கு. இருக்கறதத்தான போட முடியும்?”

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத யூனியன் ஆபீஸ்காரவுகளும் பாப்பாகளா?”

“யாரு வேணாலும் பாக்கலாம் அப்பத்தா.”

“அப்பச் சரி. இருக்கட்டும்.”